நீல டோபாஸுக்கு நிறம் பார்த்தால் போதுமா?

நீல டோபாஸ் கேட்டு வருபவர்களில் பெரும்பாலானவர்கள் நிறத்தில் ஆரம்பித்து நிறத்திலேயே முடித்துவிடுவார்கள். "இன்னும் கொஞ்சம் டார்க்கா இருக்கா?", "இதைவிட லைட்டா காட்டுங்களேன்" என்று நாலைந்து பொட்டலங்களைப் பிரிக்கச் சொல்லி, புடவைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, பிடித்ததை எடுத்துக்கொண்டு போவார்கள். ரத்தினக்கல் வியாபாரத்தில் இருப்பவன் என்ற முறையில் எனக்கு இதில் ஒரு சின்ன வருத்தம் உண்டு. மாணிக்கம், நீலம், மரகதம் வாங்கும்போது நிறத்தை முதலில் பார்ப்பது சரிதான். அங்கே விலையில் பெரும்பங்கு நிறத்துக்குத்தான் போகிறது. நீல டோபாஸின் நிறமோ தேவைக்கு ஏற்றபடி இயந்திரத்தில் ஏற்றப்படுவது. எத்தனை கிலோ வேண்டுமானாலும் ஒரே நீலத்தில் கிடைக்கும். ஒரு கல்லுக்கும் பக்கத்துக் கல்லுக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் வெட்டில், அதாவது பட்டை தீட்டிய விதத்தில், இருக்கிறது. அதை யாரும் கேட்பதில்லை.

இந்தக் கல்லை மோசமாக வெட்டுவதற்கு யாருக்கும் ஒரு சாக்கும் கிடையாது என்பது என் கட்சி. அதைச் சொல்வதற்கு முன்னால் நிறம் எப்படி வருகிறது என்று பார்த்துவிடலாம்.

டோபாஸ் என்பது அலுமினியமும் சிலிக்காவும் சேர்ந்த ஒரு கனிமம். கூடவே ஃப்ளூரினும் ஹைட்ராக்சிலும் இருக்கும். மோஸ் அளவுகோலில் கடினம் 8. நவரத்தின வரிசையில் குருவுக்குச் சொல்லப்படும் புஷ்பராகமாக இன்று விற்கப்படுவது மஞ்சள் நிறக் கொரண்டம். அது நீலக்கல்லுக்கும் (சஃபையர்) மாணிக்கத்துக்கும் சொந்தக்காரன், டோபாஸுக்கு அல்ல. ராசிக்கல் கேட்டு வருபவர்களிடம் இதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் வரும் சண்டை மிச்சம்.

தூய்மையான டோபாஸுக்கு நிறமே இல்லை. பிரேசிலில் மினாஸ் ஜெராய்ஸ் பக்கம், நைஜீரியா, இலங்கை, பாகிஸ்தான் என்று பல இடங்களில் நிறமற்ற டோபாஸ் தாராளமாகக் கிடைக்கிறது. ஒருகாலத்தில் அது வைரத்துக்கு மாற்றாகக்கூடப் பயன்பட்டது. போர்த்துகீசிய அரச குடும்பத்திடம் இருந்த 1680 காரட் 'பிரகன்சா வைரம்' உண்மையில் ஒரு நிறமற்ற டோபாஸாக இருந்திருக்கலாம் என்று பலரும் கருதுகிறார்கள்.

இயற்கையிலேயே நீலமான டோபாஸும் உண்டு. ரஷ்யாவின் உரால் மலைப்பகுதியில் முர்சின்கா, உக்ரைனில் வொலின், அமெரிக்காவில் டெக்சாஸின் மேசன் கவுண்டி ஆகியவை அதற்குப் பேர்போன இடங்கள். ஆனால் அந்த நீலம் பெரும்பாலும் மிக வெளிறியது. வெள்ளைத்தாளில் வைத்தால்தான் நீலம் என்று ஒப்புக்கொள்ள மனம் வரும். கடையில் பார்க்கிற பளிச்சென்ற நீலமோ மை போன்ற அடர்நீலமோ பூமியிலிருந்து அப்படியே வந்ததாக எடுத்துக்கொள்ளவே வேண்டாம். அது நிறமற்ற டோபாஸுக்குக் கதிர்வீச்சு கொடுத்து உண்டாக்கியது.

கதிர்வீச்சு என்ன செய்கிறது? படிகத்துக்குள் எலக்ட்ரான்களை அவை இருந்த இடத்திலிருந்து இடம்பெயர்த்து விடுகிறது. அப்படி உண்டாகும் குறைகளைத்தான் நிறமையம் என்கிறார்கள். அவை ஒளியின் ஒரு பகுதியை விழுங்கிக்கொள்வதால் மிச்சம் நம் கண்ணுக்கு நிறமாகத் தெரிகிறது. காமா கதிரில் வைத்து எடுத்த டோபாஸ் உடனே நீலமாக வந்துவிடாது. பழுப்பும் பச்சையும் கலந்த, யாரும் சீண்டாத ஒரு நிறத்தில் இருக்கும். அதைச் சுமார் 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கினால் நிலையில்லாத பழுப்பு போய், நிலைத்து நிற்கிற நீலம் மட்டும் தங்கும். பழுப்பு எவ்வளவு நிலையற்றது என்பதற்கு அமெரிக்காவின் யூட்டா மாநிலம் சாட்சி. அங்கே பாறைக்குள்ளிருந்து எடுக்கும் தேன்நிற டோபாஸ் வெயில் பட்டாலே வெளிறிவிடும். நீலத்துக்கு அந்தப் பயம் இல்லை. ஜன்னலோரம் வருடக்கணக்கில் இருந்தாலும் அப்படியே இருக்கும்.

அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் விஞ்ஞானியாக இருந்த கர்ட் நாசோ 1970களில் இதைப் பற்றி ஆராய்ந்து எழுதினார். அதே பத்தாண்டில் கதிர்வீச்சு நீலம் சந்தைக்கு வர ஆரம்பித்தது. 1980களில் அது வெள்ளமாகப் பாய்ந்து, விலை சரிந்தது. அதுவரை அக்வாமரீன் என்ற விலை கூடிய வெளிர்நீலக் கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கல், செமஸ்டர் லீவில் கல்லூரிப் பெண்கள் வெள்ளி மோதிரத்துக்கு வாங்கும் கல்லாக ஆனது. டிசம்பர் மாதப் பிறப்புக்கல் பட்டியலிலும் இடம்பிடித்துக்கொண்டது. எனக்கு இதில் குறை ஒன்றும் இல்லை. நல்ல நீலம் நாலு பேர் கைக்கு எட்டியது நல்லதுதானே.

கடையில் மூன்று பெயர்கள் அடிபடும்: ஸ்கை ப்ளூ, ஸ்விஸ் ப்ளூ, லண்டன் ப்ளூ. "லண்டன்ல இருந்து வருதா தம்பி?" என்று ஒரு அக்கா கேட்டார். "லண்டன்ல சுரங்கம் எதுவும் இல்லக்கா, பேரு மட்டும்தான்" என்றேன். "அப்ப ஸ்விஸ்?" என்றார். அதுவும் அப்படித்தான். இவை வியாபாரப் பெயர்கள். எந்த அளவு நீலத்திலிருந்து ஸ்விஸ் தொடங்குகிறது என்று உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட கோடு கிடையாது. ஒருவருடைய ஸ்விஸ் இன்னொருவருடைய சூப்பர் ஸ்கை. அதனால் பெயரைச் சொல்லி போனில் ஆர்டர் கொடுக்காமல், கல்லைப் பார்த்து வாங்குவதே வழி.

ஆனால் மூன்றும் பொதுவாக வெவ்வேறு வழியில் வருபவை. வெளிர்நீல ஸ்கை ப்ளூவுக்கு லீனியர் ஆக்சிலரேட்டர் என்ற, எலக்ட்ரான்களை வேகப்படுத்தும் இயந்திரத்தில் எலக்ட்ரான் கற்றை போதும். அடர்நீல லண்டன் ப்ளூவுக்கு அணு உலைக்குள் போய் நியூட்ரானில் நனைந்து வர வேண்டும். அப்படி வரும் நீலத்தில் எப்போதும் கொஞ்சம் சாம்பல் அல்லது பச்சைச் சாயல் இருக்கும். எஃகு நீலம் என்று சிலர் சொல்வார்கள். பளிச்சென்ற ஸ்விஸ் ப்ளூ பல நேரம் இரண்டும் சேர்ந்தது: முதலில் நியூட்ரான், பிறகு எலக்ட்ரான், அப்புறம் சூடு.

அணு உலை என்றதும் எல்லோரும் கேட்கும் அடுத்த கேள்வி தெரிந்ததுதான். கையில் போட்டால் கதிர்வீச்சு வருமா? கேட்க வேண்டிய கேள்வியும்கூட. காமா கதிர் கல்லைக் கதிரியக்கம் உள்ளதாக மாற்றாது. அதிக ஆற்றலுள்ள எலக்ட்ரான் கற்றை கொஞ்ச காலத்துக்கு மாற்றலாம். நியூட்ரான் நிச்சயம் மாற்றும். டோபாஸே கதிரியக்கம் பெறுகிறது என்பதைவிட, அதில் நுணுக்கமாகக் கலந்திருக்கும் ஸ்கேண்டியம், டாண்டலம், சீசியம் போன்றவை பெறுகின்றன என்பதே பொருத்தம். இதைக் குறைக்க, உலைக்குள் வைக்கும்போதே மெதுவான நியூட்ரான்களை விழுங்கும் போரான் அல்லது காட்மியம் கவசத்துக்குள் கற்களைப் போடுகிறார்கள். வேகமான நியூட்ரான்கள் மட்டும் கல்லுக்குப் போகும். நிறத்துக்கு அவைதான் தேவை.

உலையிலிருந்து எடுத்த கல்லை அதன்பிறகு சும்மா பூட்டி வைக்க வேண்டியதுதான். ஸ்கேண்டியம்-46இன் அரை ஆயுள், அதாவது கதிரியக்கம் பாதியாகக் குறையும் காலம், 84 நாள். ஒரு வருடம் காத்திருந்தால் இருபதில் ஒரு பங்காகிவிடும். டாண்டலம்-182க்கு 115 நாள். சீசியம்-134 இருந்துவிட்டால் கஷ்டம், அதன் அரை ஆயுள் 2 வருடம். எனவே ஒவ்வொரு தொகுதியாக அளந்து பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். சில மாதத்தில் வெளியே வருவதும் உண்டு, இரண்டு வருடம் கிடப்பதும் உண்டு. அமெரிக்காவில் மிசூரி பல்கலைக்கழகத்தின் ஆய்வு உலையில் டோபாஸுக்கு இந்த வேலை நடந்திருக்கிறது. அந்நாட்டின் அணுசக்தி ஒழுங்காற்று ஆணையம் இதற்கென்று ஒரு உரிம முறை வைத்திருக்கிறது. முதன்முதலில் சந்தைக்கு விடுபவர் அந்த உரிமத்தின் கீழ் அளந்து காட்ட வேண்டும். 2007இல் அந்த உரிமங்கள் சரியாக இருக்கின்றனவா என்ற கேள்வி எழுந்தபோது அங்கே சில கடைகள் நீல டோபாஸைக் காட்சிப்பெட்டியிலிருந்தே எடுத்துவிட்டன. கற்களை அணிவதால் யாருக்கும் தீங்கு நேர்ந்ததாகத் தெரியவில்லை என்று ஆணையம் அப்போது சொன்னது. நான் என் வீட்டுப் பெண்களுக்கு லண்டன் ப்ளூ கொடுத்திருக்கிறேன். கணக்கில் வரும் வழியில் வாங்கிய கல் என்றால் எனக்குத் தயக்கம் இல்லை.

லண்டன் ப்ளூ மற்ற இரண்டையும்விட ஏன் விலை கூடுதல் என்பதும் இங்கேயே விளங்கும். பூமியில் அரிதாகக் கிடைப்பதால் அல்ல. உலை வாடகை, அளப்பதற்கான செலவு, பூட்டிவைத்த காலத்துக்கு முடங்கிய முதல், இவை எல்லாம் சேர்ந்த கூட்டுத்தொகை அது. அப்படியும்கூட நீலக்கல்லின் பக்கத்தில் வைத்துப் பேசக்கூடிய விலை அல்ல.

இன்னொன்று. வெளிர்நீல டோபாஸ் ஒன்றைக் கொடுத்து, இது இயற்கை நிறமா, ஏற்றிய நிறமா என்று கேட்டால் வழக்கமான பரிசோதனைகளில் பதில் கிடைக்காது. இரண்டுக்கும் ஒளிவிலகல் எண் ஒன்று, அடர்த்தி ஒன்று, நிறம் வந்த விதமும் ஏறக்குறைய ஒன்றே. ஒரு வகையில் பாறைக்குள் லட்சக்கணக்கான வருடம் மெதுவாக நடந்ததை உலையில் சில மணிநேரங்களிலோ நாட்களிலோ செய்கிறார்கள். அதனால் 'நேச்சுரல் ப்ளூ டோபாஸ்' என்று சீட்டில் எழுதியிருந்தால், கல் இயற்கையானது என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நீலத்தைப் பற்றி அந்தச் சொல் எதுவும் சொல்லவில்லை. கதிர்வீச்சு கொடுத்தது என்று வாய்விட்டுச் சொல்லி விற்பதுதான் முறை. சொல்கிறவர்களை நம்பலாம்.

கல்லின் சுத்தத்தைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. நீல டோபாஸ் சுத்தமாகத்தான் இருக்கும். 10 மடங்கு லென்ஸில் சில நேரம் கண்ணீர்த்துளி வடிவில் திரவம் அடைபட்ட குழிகள் தெரியும். சாதாரணக் கண்ணுக்கு எதுவும் தெரியக்கூடாது. தெரிந்தால் வைத்துவிட்டு அடுத்த கல்லை எடுங்கள், விலை குறைத்துக் கேட்கக்கூட வேண்டாம்.

சரி, இப்போது வெட்டுக்கு வருவோம்.

ஒரு நீலக்கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். இலங்கையின் இரத்தினபுரியில் வெட்டிய கல்லைப் புரட்டிப் பார்த்தால் பல நேரம் அடிப்பாகம் ஒருபக்கம் தொப்பை போட்டிருக்கும். பார்க்க அசிங்கம்தான். ஆனால் அதற்கு நியாயம் உண்டு. நீலக்கல்லில் நிறம் சீராகப் பரவியிருக்காது. ஒரு மூலையில் மட்டும் நீலம் இருக்கும். அந்த மூலையை அடியில் கொண்டுவந்து வைத்தால்தான் மேலே முழுக்க நீலம் தெரியும். ஒவ்வொரு காரட்டுக்கும் ஆயிரக்கணக்கில் விலை. தேய்த்துத் தள்ளுகிற தூள் அத்தனையும் பணம். வெட்டுபவர் சமரசம் செய்துகொள்வதில் தவறில்லை.

டோபாஸில் இந்தக் கட்டாயங்கள் ஒன்றுகூட இல்லை. கச்சாக்கல் மலிவு. பெரிதாகக் கிடைக்கிறது. சுத்தமாக இருக்கிறது. நிறத்தைப் பெரும்பாலும் உருவம் கொடுத்த பிறகோ பட்டை தீட்டிய பிறகோதான் ஏற்றுகிறார்கள், எனவே எந்த மூலையில் நிறம் என்று தேட வேண்டியதில்லை. வெட்டுபவருக்கு இதைவிடச் சுதந்திரம் தரும் நீல நிறக் கல் வேறு கிடையாது. அப்படியிருந்தும் கடைகளில் நடுவில் வெறும் கண்ணாடிபோல் தெரிகிற டோபாஸ் குவிந்து கிடக்கிறது. எனக்கு எரிச்சல் வருவது இதில்தான்.

அந்த வெறுமையை விண்டோ என்போம். ஏன் வருகிறது என்பது எளிய கணக்கு. டோபாஸின் ஒளிவிலகல் எண் சுமார் 1.62. அதற்கு மாறுநிலைக் கோணம் 38 டிகிரி. கல்லின் அடிப்பட்டைகள் அந்த அளவைவிடப் படுத்திருந்தால், மேலிருந்து வந்த ஒளி திரும்பாமல் அடிவழியே வெளியே போய்விடும். 41, 42 டிகிரி அளவில் நிறுத்தினால் ஒளி இரண்டு முறை அடிபட்டுக் கண்ணுக்கே திரும்பி வரும். வெறும் மூன்று நான்கு டிகிரிதான் கல் உயிரோடு இருப்பதற்கும் இல்லாததற்கும் இடையில்.

பார்ப்பது சுலபம். கல்லை மேல்முகம் மேலே இருக்கும்படி நாளிதழின் பொடி எழுத்தின்மேல் வையுங்கள். நேராக மேலிருந்து பாருங்கள், சாய்த்துப் பார்க்காதீர்கள், சாய்த்தால் எந்தக் கல்லிலும் ஓரத்தில் கொஞ்சம் ஓட்டை தெரியும். நடுவில் எழுத்தைப் படிக்க முடிந்தால் அது விண்டோ. வரி விளம்பரத்தில் போன் நம்பரே படிக்க முடிகிற டோபாஸை நான் பார்த்திருக்கிறேன். நல்ல கல்லில் எழுத்து உடைந்து சிதறிவிடும், நீலமும் வெள்ளியும் கலந்த துண்டுகள் மட்டும் தெரியும்.

எங்கள் சித்தப்பா திருச்சியில் அமெரிக்கன் டைமண்ட் என்ற செயற்கைக் கல்லைப் பட்டை தீட்டியவர். திருச்சியிலும் புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களிலும் அது ஒருகாலத்தில் வீட்டுக்கு வீடு நடந்த தொழில். யாரோ ஒரு வியாபாரி கொடுத்த ஸ்கை ப்ளூ டோபாஸ் ஒன்று ஓரம் உடைந்திருந்தது. அதைச் சரிசெய்ய அவரிடம் கொண்டுபோனேன். சக்கரத்தில் வைத்து மேல்தட்டைத் தேய்த்தார். கல்லைத் துணியில் துடைத்து வெளிச்சத்தில் பார்த்தார், மறுபடி வைத்தார், மறுபடி பார்த்தார். "பாலிஷ் ஏற மாட்டேங்குதுடா. தோல் உரியுது" என்றார். லென்ஸில் பார்த்தால் மேல்தட்டு முழுக்கச் சின்னச் சின்னச் செதில்கள் பெயர்ந்திருந்தன. அப்புறம் கல்லை அது ஒட்டியிருந்த குச்சியிலிருந்து எடுத்து, கொஞ்சம் சாய்த்து மறுபடி ஒட்டினார். ஏழெட்டு டிகிரி இருக்கலாம். இந்த முறை வைரப்பொடியில் சில நிமிடத்தில் கண்ணாடியாக வந்தது.

காரணம் டோபாஸின் பிளவுத்தளம். படிகத்தின் நீள அச்சுக்குக் குறுக்கே ஒரே ஒரு திசையில், விறகு நார்வழியே பிளப்பதுபோல, அது சுத்தமாகப் பிளந்துவிடும். அந்தத் தளத்துக்கு இணையாக ஒரு பட்டையை வைத்தால் மெருகு ஏறாது, செதில் செதிலாக வரும். அதனால் அறிந்து வெட்டுபவர்கள் எந்தப் பட்டையையும் பிளவுத்தளத்திலிருந்து குறைந்தது ஐந்து டிகிரியாவது விலக்கி வைப்பார்கள். அமெரிக்கன் டைமண்டில் இந்தத் தொல்லை கிடையாது. அதன் ஒளிவிலகல் எண் 2.15க்கு மேல், மாறுநிலைக் கோணம் 28 டிகிரிக்குள். அடிப்பட்டையை 35 டிகிரியில் படுக்கவைத்தாலும் அது மின்னித் தொலைக்கும். அந்தக் கைப்பழக்கத்தோடு அதே கோணத்தில் டோபாஸை வெட்டினால் நாளிதழ் படிக்கலாம். சித்தப்பா அன்று கோண அளவியைப் பார்த்து, "இதுக்கு நிமிர்த்திப் பிடிக்கணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பிளவுத்தளம் கச்சாக்கல்லையும் தட்டையாக உடைக்கிறது. தட்டையான துண்டில் அகலமாக ஒரு கல்லை எடுக்கும் ஆசை வந்தால் ஆழம் குறையும். அதோடு நகைக்கடைக்கு 7க்கு 5, 8க்கு 6 மில்லிமீட்டர் என்று அளவுக்கல் ஆயிரக்கணக்கில் வேண்டும். கல்லின் உயரம் குறைந்தால் கூட்டுக்கு வேண்டிய தங்கமும் குறையும். மேலிருந்து பார்த்தால் அளவு சரியாக இருக்கும், அடியில் ஒன்றும் இருக்காது.

இதைப் பிடிக்கத் தராசு போதும். 8க்கு 6 மில்லிமீட்டர் ஓவல் டோபாஸ், ஆழம் நாலு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக ஒழுங்காக வெட்டியிருந்தால், சுமார் 1.35 காரட் நிற்கும். 1 காரட்தான் நிற்கிறது என்றால் அடி தட்டை, விண்டோ நிச்சயம். 1.8 நிற்கிறது என்றால் தொப்பை, மேலே தெரியாத எடைக்குக் காசு கொடுக்கிறீர்கள். இதே அளவில் அக்வாமரீன் 1.04 காரட்டுக்குப் பக்கத்தில் நிற்கும். டோபாஸின் அடர்த்தி 3.53, அக்வாமரீனுக்கு 2.7தான். அக்வாமரீன் விலைக்கு ஸ்கை ப்ளூ டோபாஸைத் தலையில் கட்டப் பார்ப்பவர்களை இதை வைத்தே மடக்கலாம். என் மேசையில் மெத்திலீன் அயோடைடு என்ற திரவம் ஒரு சின்னக் குப்பியில் இருக்கிறது. அடர்த்தி 3.3. இடுக்கியால் கல்லைப் போட்டால் டோபாஸ் கிடுகிடுவென்று அடிக்குப் போகும், அக்வாமரீன் மிதக்கும். வாடிக்கையாளர் கண்ணெதிரே செய்து காட்டினால் வேறு விளக்கம் எதுவும் தேவைப்படாது.

டோபாஸ் என்று சொல்லி விற்கும் கண்ணாடியையும், ஸ்பினல் என்ற கல்லின் செயற்கை வகையையும் லென்ஸ் பிடித்துவிடும். மேல்முகம் வழியாக அடிப்பட்டைகளின் விளிம்பை உற்றுப் பார்த்தால், டோபாஸில் கோடு லேசாக இரட்டையாகத் தெரியும். சின்னக் கல்லில் கஷ்டம், நாலைந்து காரட்டில் நன்றாகத் தெரியும். கண்ணாடியிலும் ஸ்பினலிலும் எப்போதும் ஒற்றைக் கோடுதான். வானவில் மாதிரி பல நிறம் காட்டுகிற மிஸ்டிக் டோபாஸ் என்று ஒன்று விற்கிறார்கள். அது அடிப்பட்டைகளின்மேல் மெல்லிய உலோகப் படலம் பூசியது. கீறினால் போய்விடும். எனக்குப் பிடிக்காது.

எந்த நிறத்துக்கு எந்த வெட்டு என்பதில் கொஞ்சம் யோசிக்க இடம் இருக்கிறது. ஸ்கை ப்ளூவில் நிறம் குறைவு, அதனால் ஒளிதான் எல்லாமே. வட்டமோ குஷனோ, பட்டைகள் நிறைய உள்ள பிரில்லியன்ட் வெட்டில் எடுங்கள். மூன்று மில்லிமீட்டருக்குக் கீழே போனால் நீலமே தெரியாது, வெள்ளைக்கல் என்று நினைப்பார்கள். ஸ்விஸ் ப்ளூ கொஞ்சம் மோசமான வெட்டையும் தாங்கும். அதன் நிறமே ஓட்டைகளை மறைத்துவிடுவதால் இதில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். லண்டன் ப்ளூ நேர்மாறு. பெரிய கல்லாக, ஆழமாக, படிப்படியாகப் பட்டை போட்ட செவ்வக எமரால்டு வெட்டில் எடுத்தால் வீட்டு மஞ்சள் பல்பில் கறுத்துப்போய் நிற்கும். பகல் வெளிச்சத்தில் மட்டும் பார்த்து வாங்கிவிட்டு இரவுக் கல்யாண வரவேற்புக்குப் போட்டுப் போனவர்களுக்கு இது தெரியும். சின்ன அளவில், இரண்டு மூன்று மில்லிமீட்டரில், லண்டன் ப்ளூ பிரமாதம். வரிசையாகப் பதித்தால் அந்த எஃகுச் சாயலே அழகாகிவிடும். ஓவல், கண்ணீர்த்துளி போன்ற பேர், இரு முனையும் கூரான மார்க்கீஸ் எல்லாவற்றிலும் நடுவில் குறுக்கே ஒரு இருட்டு, போ-டை என்பார்கள், கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். கல்லை ஆட்டும்போது அது நகர்ந்து உடைந்தால் பரவாயில்லை. அசையாமல் கட்டிபோல நின்றால் வேண்டாம்.

இந்தக் கல்லை மதித்து வெட்டினால் என்ன செய்யலாம் என்பதற்கு டெக்சாஸைப் பார்க்கலாம். அந்த மாநிலம் 1969இல் நீல டோபாஸைத் தன் அரசு ரத்தினமாக அறிவித்தது. 1977இல் ஒரு வெட்டையே அரசு வெட்டாக அறிவித்தது. லோன் ஸ்டார் வெட்டு என்று பெயர். அடிப்பட்டைகளைக் கணக்காக அமைத்து, மேல்முகம் வழியாகப் பார்த்தால் கல்லுக்குள் ஐந்து முனை நட்சத்திரம் தெரியும்படி செய்திருக்கிறார்கள். அவர்கள் ஊர் டோபாஸின் நீலம் வெளிறியதுதான். வெளிறிய கல்லாக இருப்பதால்தான் அந்த நட்சத்திரம் தெளிவாகத் தெரிகிறது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் 2016இல் காட்சிக்கு வைத்த ஓஸ்ட்ரோ கல்லும் நீல டோபாஸே. பிரேசிலில் கிடைத்தது, 9,381 காரட், ஏறக்குறைய இரண்டு கிலோ. அவ்வளவு பெரிய கல்லில் பிளவுத்தளம் எங்கே இருக்கிறது என்று யோசித்து யோசித்து வெட்டியவருக்கு எத்தனை இரவு தூக்கம் போயிருக்குமோ.

வாங்கிய பிறகும் பிளவுத்தளத்தை மறக்க முடியாது. கடினம் 8 என்பதால் தூசியில் இருக்கும் மணல் துகள் அதைக் கீறாது, அமெதிஸ்டைவிட நீண்ட நாள் விளிம்பு கூராக இருக்கும். ஆனால் கீறல் வேறு, அடி வேறு. கிரானைட் சமையல்மேடையில் மோதிரக் கையை ஒரு தட்டுத் தட்டினால் பிளக்கலாம். லென்ஸில் உள்ளே தட்டையாக ஒரு வானவில் தெரிந்தால் பிளவு ஆரம்பித்துவிட்டது. தினமும் போட வேண்டும் என்றால் மோதிரத்தைவிடத் தோடும் பதக்கமும் பொருத்தம். கழுவ வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் மென்மையான பிரஷ்ஷும் போதும். கடையில் அல்ட்ராசோனிக் தொட்டியிலோ நீராவியிலோ போட்டுத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கல் பதிக்கும் ஆசாரியிடம் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். பேர் வடிவக் கல் என்றால் கூரான முனையை மூடி மறைக்கும்படி வி வடிவப் பிடி வைக்கச் சொல்லுங்கள், அந்த முனையில் நேராக ஒரு கம்பியை அழுத்தினால் முனை கையோடு வந்துவிடும். பற்றவைக்கும் வேலை எதுவாக இருந்தாலும் கல் வைப்பதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். டோபாஸுக்குத் திடீர்ச்சூடு ஆகாது, வெடிக்கும். வெடிக்காமல் தப்பினாலும் சூடு அதிகமானால் உலையில் ஏற்றிய நீலம் அப்படியே இறங்கிவிடும். பின்னாளில் மோதிரத்தைப் பெரிதாக்கவோ சிறிதாக்கவோ வந்தால் கல்லைக் கழற்றிவிட்டுத்தான் நெருப்புக் காட்ட வேண்டும். கழற்றி மாட்டத் தனிக் கூலி கேட்பார்கள். ஸ்கை ப்ளூவாக இருந்தால் அந்தக் கூலிக்குப் புதுக் கல்லே வந்துவிடும், ஆனால் நாளிதழில் வைத்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த கல் என்றால் கூலியைக் கொடுத்துவிடுங்கள்.